இருபது வாளித் தண்ணீரின் கணக்கு

"எங்கட காலத்தில எக்சசைஸ் எண்டு ஒண்டு இருக்கல்ல. இப்பத்தையப் பிள்ளைகள் போனுக்குள்ளயே கிடக்குதுகள்." மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையிலோ மேற்கே படுவான்கரையிலோ எந்த விறாந்தையில் இருந்தாலும் இந்தப் பேச்சு ஒருதரமாவது காதில் விழும். இளசுகளிடமும் பதில் ஒன்று தயாராக இருக்கும்: "பெத்தாவுக்குப் படி ஏறவே மூச்சு வாங்குது, அவ எனக்கு உடம்பைப் பற்றிச் சொல்லித்தாறா." இரண்டு பேச்சும் ஆட்களுக்கு அநியாயம் செய்கின்றன என்பதே என் எண்ணம். ஏனென்று கிணற்றடியிலிருந்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

கப்பி போட்ட கிணறு. பத்து லீற்றர் வாளி நிறைந்தால் பத்துக் கிலோ. கரையோர மணல் நிலத்தில் தண்ணீர் ஆழத்தில் இல்லை, நான்கு மீற்றர் இழுத்தால் வாளி கைக்கு வந்துவிடும். நாளுக்கு இருபது வாளி இறைத்தால் பாரம் தூக்கிய வேலை 7,840 யூல். கலோரியாக மாற்றினால் இரண்டு கிலோகலோரிகூட இல்லை. தசை தான் எரிக்கிற சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கும், மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும். ஆகவே உடம்பு எரித்தது பத்துக் கிலோகலோரி அளவு. நின்றது, குனிந்தது, வாளியைக் கவிழ்த்தது எல்லாவற்றையும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் இருபது. இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட ஒரு தேத்தண்ணியில் அதைவிடக் கூட இருக்கிறது.

கிணறு ஆட்களை மெலிவாக வைத்திருக்கவில்லை என்பது இதிலிருந்து தெரியும். சாப்பாடு அளவாகக் கிடைத்ததும், நாள் முழுக்கக் குந்தி இருக்க நேரம் கிடைக்காததும்தான் மெலிவுக்குக் காரணம். கிணறு கொடுத்தது வேறொன்று. கயிற்றை இறுக்கிப் பிடித்த விரல், முன்கை, தோளுக்குப் பின்னாலும் விலாப் பக்கத்திலும் விரிகிற முதுகுத் தசை, காலை அகட்டி ஊன்றி இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிற பழக்கம். ஒரு கை இழுத்துக்கொண்டு கீழே வர, மற்றக் கை மேலே போய்க் கயிற்றைப் பிடிக்கும். ஜிம்மில் 'லட் புல்டவுன்' என்று மெஷினில் இருந்து செய்கிற அசைவும் இதுதான். நாற்பது வருடம் நாள் தவறாமல் அதைச் செய்த பெண்ணின் கைப்பிடி எழுபது வயதிலும் இறுகியிருப்பதில் ஆச்சரியமில்லை.

பிறகு மோட்டர் வந்தது. அதை வாங்கிப் பூட்டியவர்கள் பெரியவர்கள், பூட்டியதும் சரிதான். அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளையின் முதுகு பலமில்லாமல் இருப்பதைக் குணக்கேடாகப் பேசுவதுதான் பிழை. ஓ.எல் பரீட்சை எடுக்கிற பிள்ளை காலமை பாடசாலை, பின்னேரம் ரியூசன், இரவு கொப்பி என்று பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் கதிரையில் இருக்கிறது. 5 முதல் 17 வயது வரை நாளுக்கு 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அந்த அட்டவணைக்குள் 60 நிமிடத்தை எங்கே வைப்பது என்று பெரியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இனி "அந்தக் காலத்து ஆட்கள் கல்லு மாதிரி" என்பதைப் பார்ப்போம். 1946 இல் இலங்கையில் பிறந்த பிள்ளையின் சராசரி ஆயுள் 43 வயதளவு. மலேரியாவும் சிசு மரணமும் தின்றுவிட்ட பிறகு மிஞ்சியவர்களைத்தான் நாம் எண்பது வயதில் வயலில் பார்க்கிறோம். போய்ச் சேர்ந்தவர்கள் வரம்பில் வந்து நின்று நமக்குக் காட்சி தருவதில்லை. மிஞ்சியவர்களை மட்டும் பார்த்து ஒரு தலைமுறைக்கே பலம் எழுதினால் கணக்குப் பிழைக்கும்.

உழைப்பும் அதிர்ஷ்டமும் எப்படிக் கலந்து கிடக்கின்றன என்பதற்கு லண்டன் பஸ் ஆய்வைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வைத்தியர் ஜெரி மொரிஸ் அதை 1953 இல் வெளியிட்டார். இரட்டைத் தட்டு பஸ்ஸில் சாரதி நாள் முழுக்க ஆசனத்தில் இருக்கிறார். கொண்டக்டர் மேலும் கீழுமாக ஒரு வேலை நாளில் 500 முதல் 750 படி ஏறுகிறார். மாரடைப்பு சாரதிகளுக்குத்தான் கூட. அசைவு இதயத்தைக் காக்கும் என்ற எண்ணம் இங்கேதான் பலமாக வேர்விட்டது. ஆனால் 1956 இல் அதே குழுவினர் சீருடைப் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, சாரதிகளின் களிசான் இடுப்பளவு பெரிதாக இருந்தது, அதுவும் இளம் வயதுக்காரரிலேயே. வித்தியாசத்தில் ஒரு பங்கை ஆட்கள் வேலைக்கு வரும்போதே கொண்டு வந்திருக்கலாம். படி ஏறியது உண்மை, அதனால் கிடைத்த நன்மையும் உண்மை. யார் எந்த வேலைக்குப் போனார் என்பதும் அதற்குள் இருந்தது.

வயல் வேலைக்கு வாருங்கள். "நாள் முழுக்க மண்வெட்டி பிடிக்கிறவனுக்கு வேற என்ன எக்சசைஸ்?" என்று கேட்பார்கள். டென்மார்க்கில் 104,000 பேருக்கு மேல் பின்தொடர்ந்து 2021 இல் வெளியான ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இதய வருத்த ஆபத்து குறைந்தது, வேலையில் கடுமையாக அசைத்தவர்களுக்குக் கூடியது. வறுமையும் புகைத்தலும் இதற்குள் கலந்திருக்கும், அவற்றை முழுசாகக் கழித்துவிட ஏலாது. ஆனாலும் காரணம் விளங்கக்கூடியதுதான். வரம்பு கட்டுகிறவரைக் கிட்ட நின்று பாருங்கள். வலக்காரர் என்றால் இடது கால் முன்னே, முதுகு வளைந்தபடி, ஒரே பக்கத்துக்கு மண்ணைத் திருப்பிப் போடுகிறார். ஆறு மணித்தியாலத்துக்கு அந்த வளைவு நிமிர்வதில்லை. இதயத் துடிப்பு நல்லா ஏறி இறங்குகிற வேகம் ஒருபோதும் வராது. இரத்த அழுத்தம் மட்டும் மணிக்கணக்காகச் சற்று உயர்ந்தபடியே இருக்கும், அடுத்த நாளும் அதே வேலை. உடம்பு தேறுவதற்கு இடைவெளி இல்லை.

இப்படி உழைக்கிறவருக்கு இன்னும் பாரம் தூக்கச் சொல்வது கொடுமை. அவருக்குத் தேவை வேலையில் விடுபட்டுப்போனது. மண்வெட்டியை அரை மணிக்கு ஒருதரம் கை மாற்றிப் பிடிப்பது. மாற்றுகிறபோது நிமிர்ந்து, இரண்டு கையையும் நாரியில் வைத்து ஐந்து தரம் பின்னால் மெதுவாக வளைவது. வேலையில்லாத நாளில் சைக்கிளிலோ நடையிலோ 20 நிமிடம், மூச்சு வாங்குகிற வேகத்தில். மூட்டை தூக்கும்போது முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து மடங்கி, மூட்டையை உடம்போடு ஒட்டி எடுத்து, திரும்ப வேண்டுமானால் பாதத்தை எடுத்து வைத்துத் திரும்புவது. தூக்கியபடி இடுப்பை முறுக்கினால் நாரி பிடிக்கிற ஆபத்து கூடும்.

"எனக்கு உடம்பு வாகு அப்படி. எவ்வளவு நடந்தாலும் ஒண்டும் நடக்கல்ல." இந்தப் பேச்சை நான் ஒருபோதும் இலேசாக எடுப்பதில்லை, ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. ஹெரிட்டேஜ் என்ற குடும்ப ஆய்வில் அத்தனை பேரும் 20 கிழமை ஒரே திட்டத்தில் பயிற்சி செய்தார்கள். உடம்பு எடுக்கக்கூடிய ஒட்சிசன் அளவு சராசரியாக நிமிடத்துக்கு 400 மில்லிலீற்றர் அளவு கூடியது. சிலருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே கூடவில்லை, சிலருக்கு ஒரு லீற்றருக்கு மேல் கூடியது. அந்த வித்தியாசத்தில் பாதியளவு குடும்பத்தோடு வருவதாக 1999 இல் எழுதினார்கள். ஒரே வீட்டில் ஒரே றோட்டில் நடக்கிற அண்ணனுக்கும் மச்சானுக்கும் பலன் வேறுபடுவது இதனால்தான்.

ஆனால் 2017 இல் இன்னொரு ஆய்வு வந்தது. 78 பேரை ஐந்து பிரிவாக்கி 6 கிழமை பயிற்சி கொடுத்தார்கள், கிழமைக்கு 60, 120, 180, 240, 300 நிமிடம் என்று. 60 நிமிடம் செய்தவர்களில் 69 வீதமானோருக்கு அளக்கக்கூடிய முன்னேற்றம் இல்லை. 120 இல் 40 வீதம், 180 இல் 29 வீதம். 240 இலும் 300 இலும் முன்னேறாதவர் ஒருவரும் இல்லை. பிறகு முன்னேறாதவர்களை எடுத்து இன்னும் 6 கிழமைக்கு, கிழமைக்கு 120 நிமிடம் கூட்டிக் கொடுத்தார்கள். அவர்களும் முன்னேறினார்கள். பிறப்போடு வந்த அதிர்ஷ்டம் ஒருவருக்கு எவ்வளவு பயிற்சி தேவை என்பதைத் தீர்மானிக்கிறது. "எனக்கு வாய்க்காது" என்று சொல்லும் முன் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் ஊரில் நடக்கிற ஆட்களில் அதிகம் பேர் கிழமைக்கு மூன்று நாள், இருபது நிமிடம், கதைத்துக்கொண்டு நடக்கிறார்கள். அது 60 நிமிடம். பத்தில் ஏழு பேருக்கு வேலை செய்யாத அதே அளவு.

அதற்காக நாளைக்கே 240 நிமிடத்துக்குப் பாய்ந்தால் குதிக்கால் வலியில் முடியும். முதல் இரண்டு கிழமை நாளுக்கு 15 நிமிடம், கிழமையில் 5 நாள். இரண்டு கிழமைக்கு ஒருதரம் நாளுக்கு 5 நிமிடம் கூட்டினால் எட்டாம் கிழமையில் 30 நிமிடம், கிழமைக்கு 150. அங்கிருந்து 6 நாளாக்கி, அதேபோல 5 நிமிடம் கூட்டிக்கொண்டு போனால் பதினான்காம் கிழமையில் 40 நிமிடம், 240 வந்துவிடும். வேகத்துக்கு அளவு: ஒரு வசனம் முழுசாகப் பேச ஏல வேண்டும், பாட ஏலக்கூடாது. நாடி பார்க்கிறவர்கள் வயதை 0.7 ஆல் பெருக்கி 208 இலிருந்து கழியுங்கள். 50 வயதுக்காரருக்கு 173 உச்சம், 104 முதல் 130 வரை நடைக்குச் சரி. பிரஷருக்கு பீட்டா புளொக்கர் குளிசை குடிக்கிறவர்களுக்கு நாடி அந்த அளவுக்கு ஏறாது, அவர்கள் பேச்சு அளவையே பிடிக்க வேண்டும். காய்ச்சல் வந்து இரண்டு கிழமை விடுபட்டால், விட்ட இடத்தில் தொடங்காமல் பாதியில் தொடங்குங்கள்.

எங்கே நடப்பது என்பதும் அதிர்ஷ்டத்துக்குள் வருகிறது. கல்லடியில் வீடு என்றால் கடற்கரையும் பாலமும் இருக்கிறது, மட்டக்களப்பு ரவுணில் காந்தி பூங்காவும் வாவிக்கரையும் இருக்கிறது. கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று ஆட்களுக்குக் கடல் பக்கத்திலேயே. ஆனால் "விடியப்புறம் ஐந்து மணிக்கு நடவுங்கள்" என்ற ஆலோசனையை வெல்லாவெளிப் பக்கமோ யானை வருகிற வேறு எல்லைக் கிராமத்துக்கோ கொண்டுபோகக் கூடாது. அங்கே நல்லா வெளித்த பிறகு, அல்லது வளவுக்குள். பெண்களுக்கு நாயும் றோட்டில் நிற்கிறவர்களின் வாயும் தடை. நடக்கப் பாதுகாப்பான இடம் இல்லாத பெண்ணைச் சோம்பேறி என்பது எனக்குக் கோபம் வருகிற பேச்சு. நோன்பு மாதத்தில் இப்தாருக்கு முந்திய அரை மணியில் மெதுவாக நடப்பதும், கடுமையானதைத் தராவீஹ் இரவுத் தொழுகைக்குப் பிறகு வைப்பதும் சரிவரும்.

கடற்கரையில் நடக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்ந்த மணலில் அதே வேகத்தில் நடக்கத் தார் றோட்டைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி தேவை. நேரம் குறைந்தவர்களுக்கு இது நல்லது, புதிதாகத் தொடங்குகிறவர்களின் கெண்டைக்காலுக்கு நல்லதல்ல. முதல் மாதம் அலை நனைத்த இறுகிய மணலில் நடவுங்கள். கரை சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் விழும். போன தூரம் அதே சரிவில் திரும்பி வந்தால் இரண்டு காலுக்கும் பங்கு சமமாகும். ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும். போகும் முன்னும் வந்த பின்னும் நிறை பாருங்கள், ஒரு கிலோ குறைந்தால் ஒரு லீற்றர் தண்ணீர் போயிருக்கிறது. வெளிநாட்டில் ஏசிக்குள் இருந்துவிட்டு வந்தவர்களுக்கு இந்தச் சூட்டுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள் வேண்டும்.

இன்னொரு தலைமுறை அதிர்ஷ்டத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நம் மாவட்டங்களின் வரலாறு. 1944–45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் தாயின் வயிற்றுக்குள் இருந்த பிள்ளைகள் பெரியவர்களானபோது, அவர்களின் உடம்பு சீனியைக் கையாள்வதில் பின்தங்கியிருந்தது. 1990 யுத்த இடப்பெயர்வில் நம் பக்கத்தில் பிறந்தவர்கள் இப்போது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கிறார்கள். தாய் முகாமில் எதைச் சாப்பிட்டாள் என்பது அவர்களுடைய ஒழுக்கத்தைச் சேர்ந்ததல்ல. முப்பத்தைந்தில் சீனி வருத்தம் வந்தவரிடம் "தின்று தின்று படுத்திருந்திருப்பாய்" என்று சொல்லும் முன் இதை நினைக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இடுப்பளவு ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போனாலே கவனிக்க வேண்டும். ஆள் பார்க்க மெலிவு என்பது போதாது.

சீனி வருத்தக்காரர் நடையில் பிழைக்கிற இடம் ஒன்று. இன்சுலினோ கிளிக்கிளசைட் போன்ற குளிசையோ எடுக்கிறவர் நடக்க முன் இரத்தச் சீனி 90 mg/dL க்குக் கீழே இருந்தால் 15 கிராம் மாச்சத்தாவது எடுக்க வேண்டும், ஒரு சின்ன வாழைப்பழம் போதும். பையில் குளுக்கோஸ் வேண்டும். வெறுங்கால் வேண்டாம். வந்ததும் கால் விரலிடுக்கைப் பார்க்க வேண்டும். நெஞ்சு இறுகினால், வலி கைக்கோ தாடைக்கோ ஏறினால் அந்த இடத்திலேயே நின்று 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். வீட்டுக்கு நடந்து போய்ப் பார்ப்போம் என்று நினைக்கக் கூடாது.

பலத்தைப் பற்றி நம் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை, பேச்சு முழுக்க நடையைச் சுற்றியே போகிறது. முப்பது வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 3 முதல் 8 வீதம் தசை குறைகிறது, நடை அதைத் தடுக்காது. 1990 இல் வெளியான ஒரு ஆய்வில் முதியோர் இல்லத்திலிருந்த பத்துப் பேர், வயது 86 முதல் 96 வரை, 8 கிழமை காலுக்குப் பாரப் பயிற்சி செய்தார்கள். முழுசாக முடித்த ஒன்பது பேருக்குக் கால் பலம் சராசரியாக 174 வீதம் கூடியது. "இந்த வயசில எனக்கென்னத்துக்கு" என்பதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

வீட்டில் செய்ய ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டு போதும். தண்ணீர் நிரப்பினால் ஒன்றரைக் கிலோ, காய்ந்த மணல் நிரப்பினால் ஏறத்தாழ இரண்டு கிலோ நானூறு. ஐந்து லீற்றர் கேனில் தண்ணீர் என்றால் ஐந்து கிலோ. குனிந்து ஒரு கையைக் கட்டிலில் ஊன்றி, மற்றக் கையால் கேனை இடுப்புக்கு இழுங்கள், விட்டுப்போன கிணற்றுக்கு அது ஈடு. சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். கதிரையில் இருந்து எழும்புங்கள். ஒவ்வொன்றும் 8 முதல் 12 தரம், இரண்டு சுற்று, கிழமைக்கு இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. முடிக்கும்போது இன்னும் இரண்டு மூன்று தரம் செய்ய ஏலும் என்ற நிலையில் நிறுத்துங்கள். இரண்டு சுற்றிலும் 12 தரம், தொடர்ந்து இரண்டு நாள் வந்துவிட்டால் பாரத்தைக் கூட்டுங்கள். கூட்டாமல் வருடக்கணக்காக அதே போத்தலைத் தூக்குவதுதான் பெரியவர்கள் விடும் பிழை. முதல் நாளே கூட்டுவது பொடியன்மாரின் பிழை. பவுடர் வாங்க முன் தட்டைப் பாருங்கள்: ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், நூறு கிராம் மீனில் 20 அளவு. வயதானவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும். 55 கிலோ பெத்தாவுக்கு நாளுக்கு 55 முதல் 66 கிராம். மூன்று நேரமும் புட்டும் சொதியும் அதைக் கொடுக்காது. மீன், பருப்பு, கௌபி, எருமைத் தயிர் எல்லாம் நம் சந்தையில் இருக்கிறது.

இப்போது தலைமுறைச் சண்டையை அளந்து பார்க்க ஒரு வழி. 43 சென்ரிமீற்றர் உயரக் கதிரை, சுவரோடு சேர்த்து. பிளாஸ்டிக் கதிரை வழுக்கும், மரக் கதிரை எடுங்கள். நடுவில் இருந்து, பாதம் இரண்டும் நிலத்தில், கைகளை நெஞ்சில் குறுக்கே கட்டுங்கள். 30 விநாடிக்குள் எத்தனை தரம் முழுசாக எழும்பி இருக்க ஏலுகிறது? முழங்கால் நிமிர்ந்தால்தான் கணக்கு. கை ஊன்றினால் பூச்சியம். 60 முதல் 64 வயது ஆணுக்கு 14 க்குக் கீழே, பெண்ணுக்கு 12 க்குக் கீழே வந்தால் கால் பலம் போதாது. 70 முதல் 74 க்கு 12, 10. 80 முதல் 84 க்கு 10, 9. வீட்டில் எல்லாரும் செய்து, பெயரோடு கலண்டரில் எழுதி வையுங்கள், மூன்று மாதத்துக்குப் பிறகு அவரவர் எண்ணை அவரவருடைய பழைய எண்ணோடு ஒப்பிடுங்கள். பெத்தாவின் எண்ணைப் பேரனுடையதோடு ஒப்பிட வேண்டாம்.

பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியிலும் இதே நியாயம் வேண்டும். வயது கணக்கெடுக்கும் நாளை அடுத்துப் பிறந்த பிள்ளைக்கும் அதே பிரிவில் கடைசியாகப் பிறந்த பிள்ளைக்கும் முழு ஒரு வருடத்துக்குக் கிட்ட வித்தியாசம். பன்னிரண்டு வயதில் அது பெரிய இடைவெளி. ஓட்டத்தில் பின்தங்கிய பிள்ளையைப் பயிற்சியிலிருந்து கழிக்கும் முன் ஆசிரியர் பிறந்த மாதத்தைப் பார்க்க வேண்டும், அந்தப் பிள்ளை வளர்ந்து முடிக்கவில்லை.

கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழை இறங்கினால் றோட்டு நடை நிற்கும், அங்கேதான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். விறாந்தை ஐந்து மீற்றர் நீளமிருந்தால் போதும். பத்து நிமிடம் போய்வந்து நடை, ஒரு சுற்று கதிரை, மறுகா பத்து நிமிடம் நடை, ஒரு சுற்று கேன், மறுகா பத்து. மூலையில் ஒவ்வொருதரமும் வேறு பக்கமாகக் கிறுகுங்கள், ஒரே பக்கம் கிறுகினால் முழங்கால் பிடிக்கும். சீமெந்து நனைந்திருந்தால் முதலில் துடைத்துவிட்டு, தேய்ந்த செருப்பைக் கழற்றி வைத்து, அடி பிடிக்கிற சப்பாத்தோடு தொடங்குங்கள்.